அத்தை வீட்டுக்கு ஒரு போன்

1/
ஊரில் தனியா இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நல்ல ஸ்மார்ட்போன் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு, "இனி கவலை இல்லை"ன்னு இருப்பவரா நீங்க?

அப்படி நிம்மதியா இருந்த ஒரு டாக்டரின் கதை இது. அந்த டாக்டர் நான்தான். கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க. செய்ய வேண்டியவற்றைப் பின்னாடி பட்டியலாகவும் தர்றேன்.

2/
என் அப்பாவின் அக்கா. வயது 78. கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை பக்கம் ஒரு சின்ன கிராமம். படிப்படியா இறங்கும் பூண்டு வயல். அதுக்கு மேல ஓட்டு வீடு. மாமா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. பிள்ளைகள் இல்லை.

"மதுரைக்கு வந்து எங்களோட இருங்க அத்தை"ன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "கீழ வெக்கை தாங்காதுப்பா" என்பதுதான் எப்பவும் பதில். மலைக்காரங்களுக்கு வத்தலக்குண்டு, மதுரை, சென்னை எல்லாமே "கீழ"தான்.

3/
அந்த வீட்டில் 90-களின் கடைசியில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. தெருவுக்கே அது ஒண்ணுதான். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னது அந்தப் போனில்தான். எனக்கு மெடிக்கல் சீட் கிடைச்சதை மதுரை எஸ்.டி.டி. பூத்தில் நின்னு நான் கத்திச் சொன்னதும் அதில்தான். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோட அந்தப் போனுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க அத்தை.

அப்புறம் மரம் விழுந்து கம்பி அறுந்தது. ஒட்டினாங்க. மறுபடி அறுந்தது. அதுக்குள்ள தெருவில் எல்லோரும் செல்போனுக்கு மாறியாச்சு. ஒரு மழைக்காலத்தில் அறுந்த கம்பியை யாரும் தேடலை. நானும் தேடலை.

4/
மாமா போனபிறகு ஒரு தீபாவளிக்கு நான் அத்தைக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். வீடியோ காலில் முகம் பார்க்கலாம், போட்டோ அனுப்பலாம்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க.

அடுத்த முறை போனபோது போன் பிளாஸ்டிக் கவரில் சுத்தி, சமையற்கட்டு அலமாரியின் மேல்தட்டில் சார்ஜில் இருந்தது. "பத்திரமா வெச்சிருக்கேன்பா"ன்னாங்க.

பத்திரமாத்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

5/
போன வருஷம் ஜனவரி. மலையில் குளிர் உச்சத்தில் இருக்கும் நேரம். ராத்திரி ஏழரை மணி. முன்னறையில் டிவி ஓடிட்டிருக்கு. பின்கட்டுக்குப் போன அத்தை நிலைப்படி தடுக்கி விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு முறிஞ்சது. இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியலை.

டிவி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்ததால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரலை. விடிகாலை ஆறு மணிக்குப் பால் ஊத்த வந்த அம்மாதான் பார்த்திருக்காங்க.

பத்தரை மணி நேரம். வெறும் சிமெண்ட் தரை. அத்தை உயிரோட இருந்ததுக்குக் காரணம், கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்த பூண்டுச் சாக்குகள். இடது கையால் ஒவ்வொண்ணா இழுத்து மேல போட்டுக்கிட்டிருக்காங்க.

6/
டாக்டரா ஒரு விஷயம் சொல்லணும். வயசானவங்க விழுறதில் எலும்பு முறிவு மட்டும்தான் ஆபத்துன்னு நாம நினைக்கிறோம். விழுந்த பிறகு எவ்வளவு நேரம் தரையில் கிடந்தாங்க என்பது அதே அளவு முக்கியம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தாலே அதை நாங்க தனியா கவனிப்போம். உடம்பின் எடை ஒரே பக்கம் அழுத்தி அங்குள்ள தசை நசுங்கும். நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் டீத்தூள் நிறத்தில் போகும். தோல் புண்ணாகும். தண்ணீர் இல்லாமல் உடம்பு வறளும். குளிர் பிரதேசம்னா உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

அத்தைக்கு இதில் பாதி நடந்திருந்தது. முதலில் கொடைக்கானல், அப்புறம் மலையிறங்கி மதுரை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

7/
இனிதான் நான் சொல்லக் கூச்சப்படும் பகுதி.

அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நான் அத்தையைக் கூப்பிட்டேன். முழு ரிங் போச்சு. எடுக்கலை. "தூங்கியிருப்பாங்க"ன்னு நினைச்சேன். நானும் தூங்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூணாவது நாள் அத்தை சொன்னாங்க: "நீ கூப்பிட்டே. அலமாரியில வெளிச்சம் வந்துச்சு. நீதான்னு தெரிஞ்சுது."

"எட்டலையா அத்தை?"

"எட்டலை. எட்டியிருந்தா மட்டும்? எனக்கு அதைத் தள்ளத் தெரியாதே சாமி."

8/
தள்ளுறது. ஸ்கிரீனில் பச்சை வட்டத்தை விரலால் தள்ளி எடுக்கிறோமே, அது. எனக்கு மூச்சு விடுற மாதிரி இயல்பா வர்ற வேலை. அத்தையின் விரலுக்கு அது வரலை.

டச் ஸ்கிரீன் வேலை செய்றதே நம்ம விரலின் ஈரப்பதத்தையும் மின்கடத்தும் தன்மையையும் நம்பித்தான். அறுபது வருஷம் பூண்டும் உருளையும் தோண்டிக் காய்ப்பேறிய விரல், மலைக்குளிரில் இன்னும் வறண்டிருக்கும். அந்த விரலைப் பல நேரம் ஸ்கிரீன் கண்டுக்காது. கை லேசா நடுங்கினால் ஒரு தொடுதலை ரெண்டா எடுத்துக்கும். தப்பு விரலிலும் இல்லை, அறிவிலும் இல்லை. வாங்கிக் கொடுத்தவன் அந்த விரலைத் தொட்டுப் பார்க்கலை. அவ்வளவுதான்.

9/
இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். அது டாக்டராப் பண்ணின தப்பு.

ரெண்டு வருஷமாவே போனில் அத்தை சம்பந்தமில்லாமல் பதில் சொல்றாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம். "மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்டால் "மழை விட்டுடுச்சுப்பா"ன்னு பதில் வரும். "மறதி நோய் ஆரம்பிக்குது போல"ன்னு மனைவியிடம் சொல்லியும் வெச்சிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து மூணு வார்த்தை சொன்னேன்: அடுப்பு, முருகன், பஸ். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேட்டேன். மூணையும் சொல்லிட்டு, "எந்த பஸ்? காலை வண்டியா, சாயங்கால வண்டியா?"ன்னு என்னையே கேட்டாங்க. (இது முதல்கட்டச் சோதனைதான். இதை மட்டும் வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.)

மூளை நல்லாத்தான் இருந்தது. காதுதான் கேட்கலை.

10/
வயசானால் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன். க, ச, த, ப மாதிரி வல்லின ஓசைகள் மங்கும். உயிர் ஓசைகள் மட்டும் கேட்கும். "மாத்திரை" என்பது "மா... ரை" என்று போய்ச் சேரும். அதை மூளை தனக்குத் தெரிந்த வார்த்தையா நிரப்பிக்கும். மலையில் அந்த வார்த்தை "மழை".

நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. போனில் உதடு தெரியாது. அது போதாதுன்னு, பழைய போன் லைன் கடத்துவதே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். நம்ம வல்லின ஓசைகளின் கூர்மையில் ஒரு பகுதி அதுக்கு மேலதான் இருக்கு.

காதைப் பார்த்தேன். வலது காதில் குறும்பி அடைச்சுக்கிடந்தது. அதை எடுத்து, ஈ.என்.டி. டாக்டரிடம் ஆடியோகிராமும் எடுத்தோம். மிதமான செவித்திறன் குறைவு. காது கேளாமையை அப்படியே விட்டால் பிற்காலத்தில் மறதி நோய்க்கான வாய்ப்பு கூடும் என்பதை லான்செட் ஆணையத்தின் 2017, 2020, 2024 அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. மறதி நோய்னு நான் சந்தேகப்பட்டது, கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்குக் கொண்டுபோகக்கூடிய வேறொண்ணு.

11/
அத்தை மலைக்குத் திரும்பணும்னு பிடிவாதம். தடுக்கலை. ஆனா இந்தத் தடவை போனை நோயாளிக்கு மருந்து எழுதுற மாதிரி யோசிச்சு முடிவு பண்ணலாம்னு நினைச்சேன். யாருக்கு, என்ன குறை, என்ன அளவு, எந்த நேரம்.

தேவைகள் இவை: கையில் எடுத்தாலே பேசணும், வெச்சால் கட் ஆகணும். பெரிய பட்டன். கணீர்னு மணி. ஒரே இடத்தில் இருக்கணும். கரண்ட் போனாலும் வேலை செய்யணும். செலவு குறைவா இருக்கணும், இல்லைன்னா அத்தையே "வேணாம்"னு கழட்டி வெச்சிடுவாங்க.

சுருக்கமா, அத்தைக்கு வேண்டியது பழைய லேண்ட்லைன்தான்.

12/
மூணு வழி இருந்தது.

ஒண்ணு, பழையபடி செம்புக் கம்பி லைன். இதன் பெரிய பலம் பலருக்குத் தெரியாது: போனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பியில், 48 வோல்ட் அளவில் வரும். வீட்டில் கரண்ட் இல்லாட்டியும் போன் அடிக்கும். உங்க ஊரில் இந்த லைன் இன்னும் நல்லா ஓடுதுன்னா அவசரப்பட்டுக் கழட்டாதீங்க. எங்க தெருவில் கம்பமே மிச்சமில்லை.

ரெண்டு, ஃபைபர் இணைப்போட வரும் போன். பேச்சு தெளிவா இருக்கும். ஆனா வீட்டிலுள்ள மோடத்துக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனால் போனும் போச்சு. அதுக்குன்னு சின்ன யு.பி.எஸ். ஒண்ணு வாங்கி மாட்டணும். மாதச் செலவும் கூட. அத்தைக்கு இன்டர்நெட் எதுக்கு?

மூணு, சிம் போடும் மேசை போன். பார்க்க அச்சு அசல் லேண்ட்லைன். ரிசீவர், சுருள் ஒயர், பெரிய பட்டன் எல்லாம் உண்டு. உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி. அவ்வளவுதான். நாங்க எடுத்தது இதை.

13/
வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க.

முதலில், 4ஜி வோல்ட்டி இருக்கும் மாடலா? மலிவா கிடைக்கும் பல மாடல்கள் 2ஜி மட்டும். ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது, ஏன்னா ஜியோவுக்கு 2ஜி கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. ரெண்டு பக்கமும் வோல்ட்டி இருந்தால் ஹெச்.டி. குரலில் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். வல்லினம் கேட்கும். மாத்திரை மழையாகாது.

அடுத்து, ஒரே அழுத்தில் நம்பர் போகும் தனிப் பட்டன்கள் இருக்கான்னு பாருங்க. "1-ஐ அழுத்திப் பிடிச்சிருங்க" என்கிற சமாசாரம் நடுங்குற கைக்கு ஆகாது.

எங்களுக்கு செட் மூவாயிரத்துச் சொச்சம் ஆச்சு.

14/
சிம் எந்தக் கம்பெனி? மலையில் இந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் கிடையாது. வளைவுக்கு வளைவு மாறும். அத்தை ஊரில் "சிக்னல் பாறை"ன்னே ஒண்ணு இருக்கு. பையன்கள் மாலையில் அதுமேல ஏறி நின்னுதான் பேசுவாங்க.

தெருவில் கம்பெனிக்கு ஒருத்தரா நாலு பேரின் போனை வாங்கி, வீட்டில் ஒவ்வொரு மூலையா வெச்சுப் பார்த்தேன். மூணில் கோடே இல்லை. ஒண்ணு மட்டும் கிழக்கு ஜன்னல் ஓரம் ரெண்டு கோடு காட்டியது. படுக்கை இருப்பதோ உள்ளறை. ஜன்னல் ஓரம் போனை வெச்சால் ராத்திரி எழுந்து நடந்து போய்த்தான் எடுக்கணும். இன்னொரு தடவை விழுறதுக்கு நானே ஏற்பாடு பண்ணின மாதிரி ஆயிடும்.

அதனால ஆன்டெனாவைத் தனியா கழட்டும் மாடலா பார்த்து, நீள ஒயர் வெச்ச ஆன்டெனா ஒண்ணு வாங்கினேன். ஆன்டெனா ஜன்னலில். போன் படுக்கைக்குப் பக்கத்தில்.

15/
ரீசார்ஜ். 2024 டிசம்பரில் டிராய் ஒரு முக்கியமான விதி கொண்டுவந்தது: டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் தரணும், 365 நாள் வரை வேலிடிட்டி தரலாம். அதுவரைக்கும் நம்ம வீட்டுப் பெரியவங்க பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கிட்டிருந்தாங்க.

வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்சத்தில் முடிஞ்சது. மாதம் நூத்தம்பது ரூபாய் கணக்கு. (விலை மாறும். கடையில் "பேச்சு மட்டும் உள்ள பேக்"னு கேளுங்க. தானா சொல்ல மாட்டாங்க.)

வேலிடிட்டி முடிஞ்சால் கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்னுடும். ரீசார்ஜ் தேதியை உங்க போனில் அலாரமா போட்டு வைங்க. பெரியவங்க தலையில் கட்டாதீங்க.

இந்த நம்பரை பேங்க், ஆதார், கேஸ் எதிலும் சேர்க்கலை. ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும் சொல்ல எதுவும் இருக்காது. மீறி ஏதாவது நடந்தால் சைபர் குற்றப் புகாருக்கு 1930.

16/
நம்பர் ஏத்தினேன். ஒண்ணாவது பட்டன் நான். ரெண்டு, பக்கத்து வீட்டு அக்கா. மூணு, ஜீப் வெச்சிருக்கும் தம்பி. மலைக் கிராமத்தில் ஜீப்காரர் நம்பர் இல்லாத போன் முழு போன் இல்லை. நாலு, 108.

"எது யாருன்னு எப்படி அத்தை ஞாபகம் வெச்சுக்குவீங்க?"ன்னு கேட்டு, போட்டோ ஒட்டலாமான்னு யோசிச்சேன். அத்தை எழுந்து போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துட்டு வந்தாங்க. எனக்குப் பச்சை, அக்காவுக்கு மஞ்சள், ஜீப்புக்குக் கறுப்பு, 108-க்குப் பெரிய சிவப்பு. ரெண்டு நிமிஷ வேலை. நான் அரை நாள் யோசிச்சிருந்தாலும் இது தோணியிருக்காது.

மறுநாளே சிவப்பை அழுத்திப் பார்த்திருக்காங்க. எடுத்தவரிடம் "சாப்பிட்டியாப்பா?"ன்னு விசாரிச்சாங்களாம். அது அவசரத்துக்கு மட்டும்னு பொறுமையா விளக்கினேன். நீங்களும் முதலிலேயே சொல்லிடுங்க.

17/
போனை எங்கே வைக்கிறது? வழக்கமா ஸ்டாண்டு, அலமாரி, டிவி மேலே. அத்தை கதைக்குப் பிறகு எனக்கு ஒரே அளவுகோல்தான்: தரையில் கிடந்து எட்டணும்.

குட்டை முக்காலி ஒண்ணு. அதுமேல நீளத் துண்டு விரிச்சு, முனை தரை வரை தொங்கவிட்டோம். அதுமேல போன். கீழே கனமான ஜமுக்காளம். தரையில் கிடந்து துண்டை இழுத்தால் போன் ஜமுக்காளத்தில் வந்து விழும்.

ஒத்திகை பார்க்கணும்னு சொன்னேன். அத்தை பட்டப்பகலில் பாயில் படுத்து துண்டை இழுத்தாங்க. போன் தொப்புனு விழுந்தது. ரிசீவரை எடுத்துப் பச்சைப் பொட்டை அழுத்தினாங்க. எதிரில் நின்ன என் பாக்கெட்டில் மணி அடிச்சது. "ஐயோ விழுந்துட்டேன், யாராச்சும் வாங்க"ன்னு நடிச்சுக்காட்டி, அப்படியே படுத்துக்கிட்டு சிரிச்சாங்க. வேடிக்கை பார்க்க வந்த அக்காவும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

18/
நீங்க கேட்கலாம்: விழுந்தது பின்கட்டில், போன் இருப்பது உள்ளறையில், அப்புறம் என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. நிலைப்படியைச் செதுக்கிச் சரிவாக்கினோம். பின்கட்டில் கைப்பிடியும் ராத்திரி விளக்கும் போட்டோம். அதுக்கு மேலயும் விழலாம்.

அதனால ஒரு ஏற்பாடு. எல்லோருக்கும் தெரிஞ்சதுதான், மிஸ்டு கால். காலை ஆறரைக்கு ஒரு ரிங், ராத்திரி ஒன்பதுக்கு ஒரு ரிங். பச்சைப் பொட்டை அழுத்தி ஒரு மணி அடிச்சதும் வெச்சிடணும். "நான் நல்லா இருக்கேன்"னு அர்த்தம். கால் மணி நேரம் தாண்டியும் வரலைன்னா நான் கூப்பிடுவேன். எடுக்கலைன்னா அக்கா போய்ப் பார்ப்பாங்க.

இது இருந்திருந்தால் அன்னைக்குப் பத்தரை மணி நேரம் ரெண்டு மணி நேரமா ஆகியிருக்கும்.

பக்கவாதத்துக்கும் இதே கணக்குதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். கொடைக்கானலிலிருந்து மலையிறங்கவே ரெண்டு மணி நேரம் போயிடும். மிச்ச நேரத்தை நாம வீட்டில் தொலைக்கக் கூடாது.

19/
போனால் எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து பாதை அடைச்சு, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மேசை போனில் பேட்டரி இருக்கும், ஆனா டவருக்கு? அதன் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் எல்லாக் கம்பெனியும் ஊமைதான்.

அந்த நாட்களுக்குப் பக்கத்து வீடுதான் போன். மழை சிவப்பு எச்சரிக்கை வந்தால் ராத்திரிக்கு அக்கா வீட்டில் படுக்கணும்னு பேசி வெச்சிருக்கோம். போன் பாதி, பக்கத்து வீடு பாதி. ஒண்ணு இருந்தால் போதும்னு நினைச்சுடாதீங்க.

20/
மூணு மாசம் கடிகாரம் மாதிரி ரிங் வந்தது. ஒரு நாள் காலை வரலை. கூப்பிட்டேன், எடுக்கலை. அக்காவைக் கூப்பிட்டேன். அவங்க ஓடிப்போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கு. ஜீப் தம்பியைக் கூப்பிட்டேன். ஓ.பி.யில் முப்பது பேர் காத்திருக்க, நான் வராண்டாவில் நின்னு வியர்த்துக்கிட்டிருக்கேன்.

அத்தை பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் இருந்தாங்க. அன்னைக்குக் கிருத்திகை.

ஜீப் தம்பி கோயில் வாசலிலேயே போய்க் கூப்பிட, ஊர் முழுக்க "டாக்டர் தேடுறாராம்"னு செய்தி. சாயங்காலம் போன் வந்தது. ஒரு ரிங் இல்லை. முழு கோபம்.

"நீ என்னைப் பார்த்துக்கிறியா, காவல் காக்கிறியா? முருகனைப் பார்க்கப் போகக்கூட உன்கிட்ட லீவு கேட்கணுமா?"

என்கிட்ட பதில் இல்லை.

21/
விதியை மாத்தினோம். இந்தத் தடவை அத்தை சொல்ல நான் கேட்டுக்கிட்டேன். மறுநாள் வெளியே போறதா இருந்தால் முந்தின ராத்திரி ரெண்டு ரிங். "நாளைக்கு என்னைத் தேடாதே"ன்னு அர்த்தம். எங்கே, எதுக்குன்னு நான் கேட்கக் கூடாது.

பெரியவங்க பாதுகாப்புக்குன்னு நாம எந்த ஏற்பாடு பண்ணினாலும் அவங்க "வேண்டாம்" சொல்ல ஒரு பட்டன் அதில் இருக்கணும். இல்லைன்னா ஒரு நாள் ஒயரையே பிடுங்கிடுவாங்க. நியாயமும் அவங்க பக்கம்தான் இருக்கும்.

22/
பட்டியல் கேட்டவர்களுக்கு:

• அவங்க விரல், கண், காது மூணையும் பார்த்துட்டு போன் தேர்வு பண்ணுங்க.
• செம்பு லைன் ஓடினால் விடாதீங்க. ஃபைபர்னா சின்ன யு.பி.எஸ். வேணும். சிம் மேசை போன்னா 4ஜி வோல்ட்டி பாருங்க.
• லேண்ட்லைனில் செல் நம்பர் பதியும்போது முன்னால் 0 சேருங்க. 2021 ஜனவரி 15 முதல் அது கட்டாயம்.
• எந்த சிக்னல் என்பதை அந்த வீட்டுக்குள்ளயே சோதிங்க.
• பேச்சு மட்டும் உள்ள வருஷ பேக். தேதி உங்க பொறுப்பு.
• படுக்கைக்கு அருகில், தரையிலிருந்து எட்டும் உயரம்.
• வீட்டு விலாசம், அடையாளம், சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை, பிரஷர் விவரம் பெரிய எழுத்தில் போனுக்கு மேல் சுவரில். 108-ல் முதலில் கேட்பது "எங்கே"ன்னுதான்.
• போனில் கத்தாதீங்க. தாழ்ந்த குரலில் நிதானமா பேசுங்க. கத்தினால் குரல் உச்சத்துக்குப் போய் இன்னும் கேட்காது.
• சம்பந்தமில்லாத பதில் வந்தால் முதலில் காதைப் பாருங்க.

23/
கடைசியா ஒண்ணு.

போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பது மணி. ரிங் வந்தது. நிற்கலை. ரெண்டு, மூணு, நாலு. எனக்குக் கை நடுங்கிருச்சு. எடுத்தேன்.

"என்ன அத்தை? விழுந்துட்டீங்களா?"

"இல்லப்பா."

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலியா?"

"ஒண்ணுமில்லப்பா. பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தினம் ஒரு மணி அடிச்சுட்டு வெச்சிடறேன். நீ அந்தப் பக்கம் இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

24/
ஒரு ரிங் போதும்னு சொன்னது நான்தான். பேச்சு அளவில்லாத பேக் போட்டுக் கொடுத்துட்டு, பேச வேண்டாம்னும் நானே ஏற்பாடு பண்ணியிருக்கேன். அவங்க நல்லா இருக்காங்களான்னு எனக்குத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருந்தது. நான் நல்லா இருக்கேனான்னு அவங்களுக்குத் தெரிஞ்சுக்க எதுவும் இல்லை.

இப்ப காலையில் மட்டும்தான் ஒரு ரிங். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கூப்பிடறேன். பூண்டு விலை, காட்டுமாடு புகுந்த வயல், அக்கா வீட்டுப் பேத்தி. பத்து நிமிஷம். "மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்டால் "போட்டேன்"னு பதில் வருது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படிச்சு முடிச்சதும் ஊருக்கு ஒரு போன் போடுங்க. எத்தனையாவது ரிங்கில் எடுக்கிறாங்கன்னு எண்ணுங்க. எடுக்கலைன்னா, "தூங்கியிருப்பாங்க"ன்னு விட்டுடாதீங்க. இன்னொரு தடவை கூப்பிடுங்க.